வளையும் பெக்ஸ் குழாய்: சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளுக்கு ஏற்றதா?

பெங்களூரு: மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர், கீழே இரண்டு மூன்று தளங்களில் குளியலறைகள். தமிழர்கள் கணிசமாக வாழும் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் போன்ற நெருக்கமான பகுதிகளில் இது பரவலாகக் காணப்படும் அமைப்பு. கர்நாடகத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு 2007-ஆம் ஆண்டு முதல் சோலார் ஹீட்டர் கட்டாயமாக்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம்.

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. வெந்நீர் வருவதற்கு முன், குழாயில் தேங்கிய குளிர்ந்த நீர் முழுவதும் வெளியேற வேண்டும். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரி நீரை மேலேற்றிக் கொண்டுவரும் நகரத்துக்கு இது சிறிய இழப்பல்ல. 2024-ஆம் ஆண்டு தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் வாகனம் கழுவுவோருக்கு ரூ.5,000 அபராதம் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். இக்குறையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகப் பெக்ஸ் குழாய் கருதப்படுகிறது.

பெக்ஸ் என்பது என்ன?

சாதாரண பாலிஎத்திலீன் சூடானால் இளகிவிடும். அதன் மூலக்கூறு இழைகளைக் குறுக்காகப் பிணைத்தால் வெப்பத்தைத் தாங்கும் வலிமை பெறும். வளையும் தன்மையும் நீடிக்கும். இதற்கான முறையொன்றை 1960-களில் உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் எங்கெல். குளிர் நாடுகளில் தரைக்கு அடியில் வெந்நீரைச் செலுத்தி அறையைச் சூடாக்கவும் இக்குழாயே பயன்படுகிறது.

என்ன பயன்?

சுருளாகக் கிடைப்பதால், பொதுவான ஓர் இணைப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு குழாய்த் திறப்புக்கும் இடையில் இணைப்பே இல்லாமல் தனித்தனிக் குழாயைக் கொண்டு செல்லலாம். சுவருக்குள் எல்போக்கள் குறைவதால், நீர்க்கசிவுக்கான வாய்ப்பும் குறையும்.

தனிக் குழாய் மெல்லியதாக இருந்தாலே போதும். 18 மி.மீ. உள்விட்டமுள்ள 20 மீட்டர் குழாயில் சுமார் 5 லிட்டர் நீர் தேங்கும். 12 மி.மீ. குழாயில் அது 2.3 லிட்டர் மட்டுமே. வீட்டில் நால்வர் வெவ்வேறு நேரங்களில் குளித்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 லிட்டர் மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, வெப்பம். பெக்ஸ் குழாய்கள் பொதுவாக 82 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 7 பார் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் தரப்படுத்தப்படுகின்றன. மூன்று மாடி வீட்டில் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் 1.5 பார் அளவைத் தாண்டுவது அரிது. எனவே சிக்கல் அழுத்தத்தில் இல்லை. வெயில் மிகுந்த நாள்களில் பயன்படுத்தாமல் விட்டால், சோலார் தொட்டியின் நீர் 80 டிகிரியைக் கடக்கக்கூடும். அந்த நிலை தொடர்ந்தால் குழாயின் ஆயுள் குறையும். ஆகவே ஹீட்டரை ஒட்டிய பகுதிக்கு உலோகக் குழாயே பாதுகாப்பானது.

இரண்டாவது, சூரிய ஒளி. புறஊதாக் கதிர்கள் பெக்ஸை நொறுங்கச் செய்யும். மொட்டை மாடியில் அதைத் திறந்தவெளியில் விடக்கூடாது. கடையில் வெயிலில் கிடந்த சுருளையும் வாங்கக்கூடாது.

மூன்றாவது, நீரோட்டம். தொட்டிக்கு நேர்க் கீழே உள்ள மேல்தளத்தில் அழுத்தம் மிகக் குறைவு. அங்கு மெல்லிய குழாயில் நீர் மெதுவாகவே வரும்; பெரிய குழாயோ பிரஷர் பம்போ தேவைப்படும்.

நான்காவது, இணைப்புகள். சிபிவிசி குழாயைப் போல் இதைப் பசையால் ஒட்ட முடியாது. உரிய கருவியும் அதில் பயிற்சி பெற்ற பிளம்பரும் வேண்டும். தரமற்ற பித்தளை இணைப்பிலிருந்து துத்தநாகம் நீரில் கரைந்து வெளியேறினால், குழாய் நன்றாக இருந்தாலும் கசிவு ஏற்படும்.

அமெரிக்கா தரும் பாடம்

வளையும் குழாய் அனைத்தும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பொருத்தப்பட்ட பாலிபியூட்டிலின் குழாய்கள் பல வீடுகளில் கசிந்தன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றை அரித்தது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. வழக்கு 1995-இல் சுமார் 95 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

எதைத் தேர்வு செய்வது?

பழைய ஜிஐ குழாய் துருப்பிடித்த வீடுகளில், சுவரை அதிகம் உடைக்காமல் மாற்றுவதற்குப் பெக்ஸ் ஏற்றது. குழாயின் மீது அச்சிடப்பட்டுள்ள வெப்ப, அழுத்த அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். சுவரைப் பூசுவதற்கு முன் முழு அமைப்பையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது அவசியம். பூசிய பின் தெரியவரும் கசிவு, கீழ்த்தளத்தில் குடியிருப்பவரின் கூரையில்தான் முதலில் தென்படும்.