திரும்பி வரும் பயணம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து சைக்கிள்களை உருட்டியபடி தென்மராட்சிக்கு வந்த குடும்பங்களுக்கு நெடுந்தூரப் பயணம் புதிதல்ல. ஆனால் அது திட்டமிடாத பயணம்; திரும்பும் நாள் தெரியாத பயணம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த அவர்களது பிள்ளைகள் சிலர், "சைக்கிளில் போய் வயல்களைப் பார்த்து வருவோமா, ஃபாதர்?" என்று கேட்டனர். "திட்டமிட்டுப் போவோம்" என்றேன்.

முதல் நாள் நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம், ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இரண்டாம் நாள் அநுராதபுரம், 75. மூன்றாம் நாள் தம்புள்ளை ஊடாகக் குருநாகல், 120. நான்காம் நாள் கொழும்பு, 95. மொத்தம் 420 கிலோமீற்றர்.

ஓகஸ்ட் மாதத்தில் கெக்கிராவைப் பக்கம் சிறுபோக அறுவடையைக் காணலாம். ஆனால் தென்மேற்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும். வரும்போது முகத்தில் அடிக்கும். ஆகவே முதலிரு நாளில் பலத்தைச் செலவழித்துவிடக் கூடாது. புத்தளம் – அநுராதபுரம் வீதி வில்பத்துக் காட்டை அண்டியது, யானைகள் நடமாடும். விடிந்தபின் புறப்பட்டு, பொழுதுபடுமுன் சேர்ந்துவிட வேண்டும். தண்ணீர், மேலதிக ரியூப், ஒட்டும் பசை, பம்பி ஆகியன கட்டாயம் தேவை.

"சைக்கிளை யாரிடம் காட்டுவது?" என்றான் ஒருவன். "உன் அப்பாவிடம்" என்றேன். எரிபொருள் தடைக்காலத்தில் மூட்டை கட்டி ஓடியவருக்குச் சில்லின் குறை கைபட்டாலே தெரியும்.

பெற்றோரே, ஒரு மாலை பிள்ளைகளோடு அமர்ந்து சைக்கிளைக் கழற்றிப் பூட்டுங்கள். கூடவே, உங்கள் வயலின் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.