வழிபாடும் வாக்கும்

ஞாயிறுதோறும் பூசைக்குத் தவறாது செல்வோர் தேர்தல் நாளில் எப்பக்கம் சாய்வர்? மேனாட்டறிஞர் இவ்வினாவை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். பிரான்சு தேசத்திலே, ஒருவர் செய்யும் தொழிலைக் காட்டிலும் அவர் தேவாலயத்துக்குச் செல்லும் வழக்கமே அவர்தம் வாக்கினை நன்கு உணர்த்துமென்று கண்டனர். ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, நெடுந்தீவு முதலாய எம் தீவகத்தூர்களுக்கும் இம்முடிபு பொருந்துமா?

ஈழத்துத் தேர்தற் களத்திலே திருச்சபையின் குரல் ஒலித்ததுண்டு. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தல் ஆகாதென்று குருமார் உரைத்தனர். 1949 இல் உரோமாபுரியும் பொதுவுடைமைக் கட்சியினரை ஆதரித்தலை விலக்கியது. 1960 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்கச் சட்டம் இயற்றிய காலை, பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்து காவலிருந்தனர். அக்காலத்தில் மேலைக் கடற்கரைச் சிங்களக் கத்தோலிக்கருட் பெரும்பாலார் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமே நின்றனர்.

ஆயின், அதே விசுவாசமும் அதே பூசையும் மன்னாரில் வேறொரு வாக்கினைத் தந்தன. கத்தோலிக்கர் மிக்குறையும் அத்தொகுதி 1956 இல் தமிழரசுக் கட்சி அபேட்சகரான அழகக்கோனைத் தெரிந்தது. அவ்வாண்டில் ஊர்காவற்றுறைத் தொகுதியும் அக்கட்சியின் வி. ஏ. கந்தையாவைப் பாராளுமன்றுக்கு அனுப்பிற்று. தீவகத்திற் சைவரே பெரும்பான்மையினர். ஆதலின் இங்குள்ள கத்தோலிக்கர் வாக்கினை வாக்குப்பெட்டி தனித்துக் காட்டாது. மன்னாரைக்கொண்டே உய்த்துணர்தல் வேண்டும். தனிச் சிங்களச் சட்டம் உத்தியோகத்தையும் கல்வியையும் தொட்டது. அதனாற் சிலுவை அணிந்தோரும் நீறு அணிந்தோரும் ஒருங்கே இடருற்றனர். கரம்பொன்னிற் பிறந்த தனிநாயக அடிகள் கத்தோலிக்கக் குருவாக இருந்துகொண்டே மொழியுரிமைக்காக எழுதியமை இதற்குச் சான்று.

யான் கருதுவது இது: யாருக்கு வாக்களித்தலாகாது என்பதைச் சமயம் சொல்லவல்லது, யாருக்கு அளிப்பது என்பதை மொழியும் பிழைப்புமே பெரிதும் தீர்மானிக்கின்றன. புரட்டஸ்தாந்தரான செல்வநாயகம் 1952 இல் காங்கேசன்துறையில் தோற்றார்; அவர்தம் சமயத்தை எதிரணியினர் அக்காலை எடுத்துப் பேசினர். எனினும் 1956 இல் அதே சைவத் தொகுதி அவரைத் தெரிந்தது, பின்னர்க் கைவிடவேயில்லை.

விலக்கும் என்றும் நிலையாக நிற்பதன்று. திருச்சபை எந்த அரசியல் முறைமைக்கும் கட்டுப்பட்டதன்று என 1965 இல் வத்திக்கான் சங்கம் உரைத்தது. 2024 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஐ, இடதுசாரி மரபில் வந்த மக்கள் விடுதலை முன்னணி தலைமைதாங்கும் தேசிய மக்கள் சக்தி பெற்றது.

ஆகவே, தேர்தல் நெருங்குங்கால் 'கத்தோலிக்கர் வாக்கு' என்று ஒரு மூட்டை கட்டி விலைபேசுவோர், நம் மக்களை அறியாதவராவர். ஒரே துறையில் வள்ளம் ஏறுவோரைச் சமயத்தாற் கூறுபடுத்தும் அக்கணக்கினை ஆசிரியரும் மாணாக்கரும் முன்வந்து மறுத்தல் கடன்.