இழை அறும் முன்னே

தாராசுரத்துப் பட்டுத் தறியில் இழை அறப்போவதை நெசவாளரின் விரல் முன்பே உணர்ந்துவிடும். அறுவை அரங்கில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரியப்போவதை அப்படி அறிய முடியுமா? செயற்கை நுண்ணறிவு ஆய்வுகளில் இப்போது மும்முரமாக நடப்பது இந்த முயற்சிதான்.

தமனித் துடிப்பின் அலையைக் கணினி இடைவிடாமல் படிக்கிறது. சராசரி அழுத்தம் 65 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குமென்றால் சில நிமிடம் முன்பே எச்சரிக்கிறது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறையாமல் காக்க, மயக்க மருத்துவருக்கு அந்தச் சில நிமிடம் மிகப் பெரிது. 68 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி, 2020-ல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் பலன் தெரிந்தது. அப்போதைய அழுத்தத்தைக் கூர்ந்து பார்த்தாலே போதாதா என்று பின்னர் சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

கணினி கற்பது பழைய பதிவுகளிலிருந்து. தென்கொரியாவில் சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 6,388 அறுவைச் சிகிச்சைகளின் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. நம் டெல்டா மக்களின் பதிவுகளும், அவர்கள் சம்மதத்தோடு, இப்படிச் சேர வேண்டும். பதிவு நமக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண் நோயாளிகளின் விவரங்கள் படங்களோடு எழுதப்பட்டன. தஞ்சை சரஸ்வதி மகாலில் அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.