தோற்றவர்களும் காசு அடித்தார்கள்

மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள வெள்ளிக் காசு அது. ஒரு பக்கம் வாகை சூடிய தலையும் தடித்த கழுத்துமாக ரோமப் பேரரசர் வெஸ்பாசியன். திருப்பினால், எதிரியிடம் பறித்த கவசத்தை மாட்டி நிறுத்திய வெற்றிக் கம்பம். அதன் அடியில் ஒரு பெண் கையில் தலையைத் தாங்கியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே ‘யூதேயா’ என்று ஒரே ஒரு சொல்.

கி.பி. 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் யூதர்களின் கிளர்ச்சியை அடக்கி ஜெருசலேமைப் பிடித்தார். அங்கிருந்த யூதர்களின் ஆலயம் எரிந்தது. அந்த வெற்றியை ரோம் காசில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. வெஸ்பாசியன், டைட்டஸ், டொமிஷியன் என மூவர் ஆட்சியிலும் இந்த வகைக் காசுகள் வெளிவந்தன. பெரிய வெண்கலக் காசுகளில் காட்சி இன்னும் விரிவானது: நடுவே பேரீச்ச மரம், ஒரு பக்கம் அழும் பெண், மறுபக்கம் நிமிர்ந்து நிற்கும் வெற்றியாளன். கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்குத் தெனாரியஸ் எனப்படும் இந்தக் காசின் அளவு பழக்கமானதுதான். அங்கே கிடைத்தவை வணிகத்துக்கு வந்த காசுகள். இதுவோ வெற்றியைப் பறைசாற்றவென்றே அடிக்கப்பட்ட காசு.

அதற்குப் பதில் வர 1,888 ஆண்டுகள் ஆயின. இஸ்ரேல் நாடு பிறந்து பத்தாண்டு நிறைந்த 1958இல், நினைவு நாணயங்களையும் பதக்கங்களையும் வெளியிடுவதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் தொடக்கக்காலப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ரோமின் அதே பழைய காட்சி. மறுபக்கத்தில் அதே பேரீச்ச மரம். ஆனால் இப்போது ஓர் ஆண் குனிந்து செடி நடுகிறான், ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ‘விடுதலை பெற்ற இஸ்ரேல்’ என்று லத்தீனிலேயே எழுதியிருக்கிறார்கள். ரோம் பேசிய மொழியிலேயே ரோமுக்குப் பதில்!

யூதக் கருப்பொருள் கொண்ட வெள்ளிக் காசுகளையும் பதக்கங்களையும் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வெள்ளியின் எடைக்காகவோ அரிய எண்ணிக்கைக்காகவோ மட்டும் சேர்ப்பவருக்கு இந்தத் துறையின் சுவையில் பாதிதான் கிட்டும். இங்கே ஒரு காசு இன்னொரு காசோடு பேசுகிறது, சண்டை போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் முழுக் கதையும் பிடிபடுகிறது.

கிளர்ச்சி செய்தவர்கள் தோற்பதற்கு முன் சும்மா இருக்கவில்லை. கி.பி. 66இல் ரோமுக்கு எதிராக எழுந்ததுமே அவர்கள் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று சொந்த வெள்ளிக் காசு அடித்தது. அதுவரை ஆலய வரி செலுத்த யூதர்கள் பயன்படுத்தியது டயர் நகரத்து ஷெக்கல் என்ற வெள்ளிக் காசு. வெள்ளித் தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் மெல்கார்ட் என்ற வேற்றுத் தெய்வத்தின் தலையும் கழுகும் இருந்தன. கிளர்ச்சியாளர்களின் ஷெக்கலில் தலையும் இல்லை, கழுகும் இல்லை. ஒரு பக்கம் கிண்ணம், அதைச் சுற்றி ‘இஸ்ரேலின் ஷெக்கல்’. மறுபக்கம் ஒரே காம்பில் மூன்று மாதுளை மொக்குகள், ‘புனித ஜெருசலேம்’ என்ற எழுத்து. எழுத்தும் அன்றாட எழுத்தன்று. அப்போதே பழமையாகிவிட்டிருந்த முன்னை எபிரேய வரிவடிவத்தைத் தேடி எடுத்து வெட்டினார்கள்.

கிண்ணத்துக்கு மேலே கிளர்ச்சியின் ஆண்டு இருக்கும். ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்தாம் ஆண்டுக் காசு மிக அரிது. அந்த ஆண்டு கி.பி. 70 வசந்தத்தில் பிறந்தது, அதே கோடையில் நகரமே விழுந்துவிட்டது. 1963–65இல் தொல்லியலாளர் யிகேல் யாடின், கிளர்ச்சியாளர்கள் தங்கியிருந்த மசாடா கோட்டையில் அகழ்ந்தபோது கிடைத்த ஷெக்கல்களில் ஐந்தாம் ஆண்டுக் காசுகளும் இருந்தன. முற்றுகையிடப்பட்ட நகரத்திலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு தப்பியிருக்க வேண்டும்.

அடுத்த பெரிய கிளர்ச்சி கி.பி. 132இல் பார் கோக்பாவின் தலைமையில் மூண்டது. இந்த முறை புதுத் தகடு உருக்கி வார்க்க வசதியோ நேரமோ இல்லை. புழக்கத்தில் இருந்த ரோமக் காசுகளையே எடுத்து அவற்றின் மேல் தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். பெரிய வெள்ளிக் காசில் தூண்களோடு ஆலயத்தின் முகப்பு தெரியும். அந்த ஆலயம் தரைமட்டமாகி அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. சில காசுகளைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், புது அச்சுக்கு அடியில் பழைய பேரரசரின் மூக்கோ, கழுத்தோ, கிரேக்க எழுத்தின் துண்டோ எட்டிப் பார்க்கும். வேறு வகைக் காசில் இதைக் குறை என்று ஒதுக்குவார்கள். இங்கே அதற்காகவே விலை கூடுவதுண்டு, அது நியாயமும்கூட.

இவ்வளவு புகழ் பெற்ற ஷெக்கலுக்குப் போலி வராமல் இருக்குமா? ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரத்தில் இயேசுவின் கல்லறை ஆலயத்தைப் போல ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அங்கே வந்த பக்தர்களுக்கு 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ‘ஷெக்கல்’ விற்பனை நடந்தது. கிண்ணத்திலிருந்து புகை எழும், மறுபக்கம் இலை அடர்ந்த கிளை. இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக் காசில் ஒன்று என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்த குடும்பங்கள் உண்டு. அடையாளம் காண்பது எளிது. போலியில் இன்று அச்சில் காணும் சதுர எபிரேய எழுத்து இருக்கும், அசலில் பழைய எழுத்து இருக்கும். நூற்றாண்டுகள் ஓடியதில் கோர்லிட்ஸ் ஷெக்கலுக்கே தனிச் சேகரிப்பாளர்கள் வந்துவிட்டார்கள்.

காசுக்கு அரசு வேண்டும், பதக்கத்துக்கு அது தேவையில்லை. நாடில்லாமல் ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் கதை அதனால்தான் பதக்கங்களில் பதிந்திருக்கிறது. 1774இல் பெர்லினில் தந்தையும் மகனுமான யாக்கோப் ஆபிரகாம், ஆபிரகாம் ஆபிரகாம்சன் என்ற யூதக் கலைஞர்கள் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோனுக்கு ஒரு பதக்கம் செய்தார்கள். பின்பக்கத்தில் ஒரு மண்டையோடு, அதன் மேல் வந்து உட்கார்ந்த பட்டாம்பூச்சி. ஆன்மா அழியாதது என்று வாதிட்ட அவருடைய ‘ஃபேடோன்’ நூலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. 1806 என்று ஆண்டு பொறித்து, பிரெஞ்சுக் கலைஞர் டெப்போலி செய்த பதக்கத்தில் நெப்போலியன் நிற்கிறார், சட்டப் பலகைகளோடு மோசே அவர் முன் மண்டியிட்டிருக்கிறார். யூதப் பேரவையை நெப்போலியன் கூட்டியதைக் கொண்டாடும் பதக்கம்தான். ஆனாலும் யார் யாரிடம் மண்டியிடுகிறார் என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு உறுத்தத்தான் செய்கிறது.

வெளிப்படையான வெறுப்பும் வெள்ளியில் வந்தது. 1694இல் ஜெர்மனியில் தானிய விலை ஏறியபோது கிறிஸ்டியன் வெர்முத் வெளியிட்ட ‘தானிய யூதன்’ பதக்கத்தில் ஒருவன் மூட்டை சுமந்து நடக்கிறான். மூட்டை மேல் ஏறிய பிசாசு அதன் வாயைத் திறந்துவிட, தானியம் கீழே கொட்டுகிறது. பஞ்சத்துக்குப் பழி யார் தலையில் விழுந்தது என்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் சான்று இது. இத்தகைய ஏளனப் பதக்கங்களுக்கென்றே புரூனோ கிர்ஷ்னர் எழுதிய ஒரு தனி நூல் 1968இல் வெளிவந்தது. தங்களை இழிவுபடுத்தும் பொருளைக் காசு கொடுத்து வாங்குவதா என்று முகம் சுளிப்பவர்களின் மனம் புரிகிறது. இருந்தாலும் இவை இல்லாத சேகரிப்பு, ரோமின் அழும் பெண்ணை விட்டுவிட்டு 1958 பதக்கத்தை மட்டும் வைத்திருப்பதைப் போலத்தான். கேள்வி இல்லாத பதிலாகிவிடும்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கைக்கு எட்டுவது இஸ்ரேல் அரசின் வெள்ளி நாணயங்கள். 1958இல் வந்த ஐந்து லிரா நாணயம் 25 கிராம் எடை, 900 தரம், அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. நாட்டுக்குப் பதின்மூன்று வயது ஆன 1961இல், யூதச் சிறுவன் சமயப் பொறுப்பேற்கும் ‘பார் மிட்ஸ்வா’ சடங்கையே கருப்பொருளாக்கி ஒரு நாணயம் வந்தது. பண்டைக் கப்பலைத் தாங்கிய 1963 நாணயம் சில ஆயிரங்களே அடிக்கப்பட்டதால் இன்றும் தேடப்படுகிறது.

எல்லாவற்றிலும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது ஹனுக்கா விளக்கு வரிசை. ஹனுக்கா எட்டு நாள் விளக்குத் திருவிழா. 1972இல் ரஷ்ய விளக்கு, அடுத்த ஆண்டு பாபிலோனிய விளக்கு என்று, யூதர்கள் சிதறி வாழ்ந்த நாடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக நாணயத்தில் ஏறின. எகிப்தோடு அமைதி உடன்படிக்கை கையெழுத்தான 1979இல் வந்தது எகிப்து விளக்கு. 1984இல் தெரேசியன்ஸ்டாட் விளக்கு. நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த அந்த இடத்தில், 1942இல் சிற்பி ஆர்னால்ட் ஸாதிகோவ் வடிவமைக்க, கிடைத்த மரத்தில் ஒரு ஹனுக்கா விளக்கு செதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் அங்கே இறந்துபோனார். விளக்கு பிழைத்து இப்போது நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1990இல் வந்தது நமக்குப் பக்கத்து விளக்கு, கொச்சி விளக்கு. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நாணயத்தில் ‘மெம்’ என்ற சிறிய எபிரேய எழுத்து இருந்தால் அது புரூஃப், அதாவது சேகரிப்பாளர்களுக்கென்று பளபளப்பாக அடித்தது. அரசுப் பதக்கங்களின் விளிம்பில் நாட்டின் பெயர், வெள்ளித் தரம், வரிசை எண் பொறித்திருக்கும். விளிம்பைக் காட்டாத படத்தை நம்பி வாங்கக் கூடாது. பழங்காலக் காசு என்றால் எங்கிருந்து வந்தது என்ற பத்திரம் அவசியம். இஸ்ரேலின் 1978 தொல்பொருள் சட்டப்படி அதற்குப் பிறகு மண்ணில் கிடைத்தவை அரசுக்கே சொந்தம். வெள்ளி கறுத்துப்போயிற்றே என்று வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி திருநீறு போட்டுத் துலக்கினால் காசின் மதிப்பு அன்றோடு போய்விடும். அந்தக் கறுப்பே வயதுக்குச் சாட்சி.

1970களில் அமெரிக்காவில் யூத வரலாற்றைச் சொல்லும் வெள்ளிப் பதக்க வரிசைகள் சந்தா கட்டி வாங்கும் முறையில் ஏராளமாக விற்றன. அவற்றில் பல இன்று உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலையைத் தாண்டுவதில்லை. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது எத்தனையோ வெள்ளிப் பதக்கங்கள் உலைக்குப் போயின. லாபம் பார்க்க வருபவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஒரு வகை நாணயம் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. யூத மரபில் தாய்க்கு முதலில் பிறந்த ஆண் குழந்தையை, பிறந்து முப்பது நாள் கழிந்ததும், குருவிடம் ஐந்து ஷெக்கல் வெள்ளி கொடுத்துத் தந்தை மீட்க வேண்டும். ‘பித்யோன் ஹபேன்’ என்பது சடங்கின் பெயர். காகிதப் பணம் செல்லாது. அதற்காகவே இஸ்ரேல் 1970 முதல் பத்து லிரா வெள்ளி நாணயம் வெளியிட்டது. 26 கிராம், 900 தரம். ஐந்து சேர்ந்தால் 117 கிராம் தூய வெள்ளி. அமெரிக்காவில் 1935 வரை அடித்த பழைய வெள்ளி டாலர் ஐந்தைக் கொடுப்பவர்கள் உண்டு. சடங்கு முடிந்த பிறகு குரு பலசமயம் காசை அன்பளிப்பாகத் திருப்பித் தந்துவிடுவார். பின்னாளில் அவை சந்தைக்கு வரும்போது கீறலும் விரல்ரேகையும் இருக்கும், தரம் பார்ப்பவர்கள் மதிப்பைக் குறைப்பார்கள். கடையில் அப்படி ஐந்து காசு ஒன்றாகக் கிடைத்தால் பிரிக்காமல் வாங்க வேண்டும். எந்தக் குடும்பம், எந்த ஆண்டு என்று விற்பவரிடம் கேட்டு எழுதி, அந்தச் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும்.