எழுதியவர் ஒருவர், ஊரெங்கும் கொண்டுபோனவர் ஒருவர்



வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டம் நடக்கும் நாட்களில், பறையோசையோடு ‘மனுசங்கடா’ பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கலாம். யாரோ கிராமத்துப் பெரியவர் கட்டிய பழைய பாட்டு என்று தோன்றலாம். ஆனால் அதை எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்தவர், இயற்பெயர் சாகுல் அமீது. சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைதான் இந்தப் பாட்டின் பின்னணி.

அந்தப் பாட்டை மேடை மேடையாகப் பாடிப் பரப்பியவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையின் மாரந்தை கிராமத்துக்காரர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரும் ஆனார்.

தன் இளமைக்கால நினைவுகளை ‘வடு’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். இளையான்குடி இஸ்லாமியர்கள் முறை சொல்லி அழைத்துப் பழகியதும், பக்கத்துக் கிராமங்களில் சாதி கேட்டு ஒதுக்கப்பட்டதும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. அவர் குரலில் இருந்த சூடு எங்கிருந்து வந்தது என்பது அதைப் படித்தால் புரியும்.

2016 ஜனவரியில் குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப். மறு வருடம் அம்ஷன் குமார் இயக்கிய திரைப்படத்துக்கும் இந்தப் பாட்டின் பெயர்தான்: ‘மனுசங்கடா’.