நெய்தல் இல்லா நிலம்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். அப்பகுப்பை இன்றைய விருதுநகர் மாவட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு புதுமை புலப்படும். மேற்கே வானளாவி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை குறிஞ்சி. அதன் அடிவாரத்துக் காடுகள் முல்லை. இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நெல்வயல்கள் மருதம். கிழக்கே செல்லச் செல்ல மண் கறுத்து, மரம் குறைந்து, மழை பொய்த்த ஆண்டுகளில் பாலையின் சாயல் படிகின்றது. நான்கு திணையும் உள. நெய்தல் மட்டும் இல்லை. ஏறத்தாழ 4,240 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய இம்மாவட்டத்தில் ஒரு முழ நீளக் கடற்கரையும் கிடையாது.

இக்குறை தொன்மையானதன்று. 1985ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை இப்பகுதி பழைய இராமநாதபுர மாவட்டத்தின் மேற்குப் பாகமாக இருந்தது. இராமேசுவரத்துக் கடலும் சிவகாசிக் கரிசலும் அந்நாளில் ஒரே ஆட்சியரின் கீழ் அடங்கின. அவ்வாண்டு மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது கடல் கிழக்கே நின்றுவிட்டது. மலை மேற்கே சேர்ந்தது. புதிய மாவட்டம் காமராசர் பெயரைத் தாங்கிப் பின்னர் 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது.

ஆட்சியாளர் வரையும் கோட்டினால் கடலை இழத்தல் உலகத்துக்குப் புதிதன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தில் கடல் தீண்டா நாடுகள் பதினாறு. அவற்றுள் ஒன்றாகிய எத்தியோப்பியா, 1993இல் எரித்திரியா தனிநாடாகப் பிரிந்தபோது தன் கரை முழுவதையும் இழந்தது. இன்று அந்நாட்டின் வாணிகத்திற் பெரும்பகுதி சிபூத்தி என்னும் சிறு நாட்டின் துறைமுகத்தின் வழியே நடைபெறுகின்றது. பிறர் துறைமுகத்தை நாடி வாழும் நாடு சுங்கமும் வாடகையும் கொடுத்தல் வேண்டும். அயலானோடு பகை மூண்டால் வாயிலே அடைபடும். உகாண்டா நாட்டின் நிலையும் அதுவே. அதன் பண்டங்கள் கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தை அடைந்தே கப்பலேறுகின்றன.

ஆயினும் நாடு வேறு, மாவட்டம் வேறு. விருதுநகரின் கரிசற்காட்டிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் வண்டியை எல்லையில் மறித்துச் சுங்கம் கேட்பார் இலர். மதுரையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பெற்றது. அது விருதுபட்டி என அந்நாளில் வழங்கிய விருதுநகரையும் சாத்தூரையும் ஊடறுத்துச் சென்றமையால், கடல் இல்லாத ஊர்க்குக் கடல் சில மணி நேரத்து வழியாயிற்று. பருத்தியும் மிளகாய் வத்தலும் மல்லியும் பருப்பும் விருதுநகர்ச் சந்தையில் குவிந்து விலை பேசப்பட்டமைக்கு இப்பாதையே பெருங்காரணம். 1927இல் விருதுநகரிலிருந்து சிவகாசி வழியே தென்காசி வரை மற்றொரு பாதை அமைந்தது.

கடலோடு இந்நிலத்தார் கொண்ட தொடர்பு இருப்புப்பாதையோடு தோன்றியது என எண்ணுதல் பிழை. வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது சங்கு வளையல்களும் அவற்றின் துண்டுகளும் மிகுதியாகக் கிடைத்தன. சங்கு மலையில் விளைவதன்று, கரிசலில் முளைப்பதன்று. கீழைக் கடலிற் குளித்தெடுத்த சங்கு உள்நாட்டுக்கு வந்து, ஈண்டே அறுக்கப்பெற்று வளையாயிற்று. நெய்தலின் பொருளை வாங்கித் தன் கைத்திறத்தால் உயர்த்தி விற்கும் வழக்கம் இந்நிலத்திற்கு மிகப் பழையது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இந்நிலத்தின் நீர்வளத்தை நோக்குவோம். வளம் என்னும் சொல் ஈண்டுச் சற்றே மிகை. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து, அதன் நீரைக் கேரளத்தின் பக்கமே கொட்டச் செய்துவிடும். மலையைக் கடந்து வரும் காற்று வறண்ட காற்று. ஆதலின் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே உழவர்க்குத் துணை. ஆண்டு முழுவதும் பெய்வது சராசரி 800 மில்லிமீட்டர் அளவினது. வைப்பாறும் அருச்சுனாநதியும் குண்டாறும் ஆண்டிற் பெரும்பொழுது மணல் ஆறுகளே. அருச்சுனாநதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். மாரி என்பது மழையின் பெயருமாதலின், மழைக்கு ஏங்கும் நாட்டில் அவளுக்கு அத்துணைக் கூட்டம் கூடுதல் வியப்பன்று.

ஆற்றை நம்ப இயலாத மக்கள் குளத்தை வெட்டினர். ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று பகரும். சாத்தூரை அடுத்த அச்சங்குளமும் மேலே கூறிய விசயகரிசல்குளமும் நீர்நிலையின் பெயரால் அமைந்த ஊர்கள். இவைபோல்வன இங்குப் பல. கண்மாய் என்றும் ஊருணி என்றும் இந்நாட்டார் வழங்கும் நீர்நிலைகள் நிரம்பினால் ஊர் பிழைக்கும். நிரம்பாவிடின் மானாவாரி நிலம் பனியையும் மண்ணின் ஈரத்தையும் நம்பிக் கிடக்கும். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. அவ்வியல்பினாலேயே பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மல்லியும் குறைந்த மழையிலும் விளைகின்றன. கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

விளைவு ஒரு போகமே. எஞ்சிய திங்களில் கைகளுக்கு வேலை இல்லை. இந்நிலையில் 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் விதைத்த தொழில் ஆலமரம்போற் பரந்தது. தீக்குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து வந்தது. பெட்டிக்கு ஒட்டும் வண்ணப்படம் வெளியூரிலிருந்து வருதல் செலவாயிற்று. ஆதலின் அச்சகங்கள் தோன்றின. அச்சகங்கள் வந்தபின் நாட்காட்டியும் பாடநூலும் இங்கே அச்சேறின. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. இன்று இந்தியாவிற் செய்யப்படும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசி வட்டாரத்தினது எனக் கணக்கிடுவர்.

இத்தொழில்கள் இந்நிலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் வறட்சியே. தீக்குச்சியின் முனையில் தோய்த்த மருந்து காற்றில் உலர்தல் வேண்டும். பட்டாசின் குழாய்கள் பசையால் ஒட்டப்பெற்று வெயிலில் காய்தல் வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி ஆகியவை சேர்ந்த கருமருந்து ஈரம் பட்டால் நமத்துப்போம். அச்சிடும் தாளும் அத்தகையதே. ஈரக்காற்றை உண்டால் சற்றே விரியும். விரிந்த தாளில் ஒரு வண்ணத்தின்மேல் மற்றொரு வண்ணம் பொருந்தி விழாது. கடலோர ஊர்களின் உப்பங்காற்றில் இவை எளிதிற் செய்ய இயலாதவை. இந்நிலத்தின் குறையாகிய வெயிலே முதலாயிற்று.

இதனால் ஒரு விந்தையும் நேர்ந்தது. ஒரே வீட்டில் தந்தை உழவர், தாய் பட்டாசுத் தொழிலாளி எனக் கொள்வோம். கீழ்வானம் கறுத்தால் அவர் மகிழ்வர். அவளுக்கோ அன்றைய கூலி போயிற்று. மழை பெய்யாத ஆண்டில் தாயின் கூலி வீட்டைக் காக்கும். பெய்த ஆண்டில் தந்தையின் விளைச்சல் கடனைத் தீர்க்கும். இவ்வாறு எதிரெதிரான இரண்டு வானிலைகளை வேண்டி வாழும் குடும்பங்கள் வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பகுதிகளிற் பலவாகும்.

வறட்சி கொடுத்த தொழிலுக்கு வறட்சியே பகையுமாகும். காற்றில் ஈரம் குறைந்தால் ஆடையிலும் உடம்பிலும் நிலைமின்சாரம் தேங்கும். அதன் பொறி கண்ணுக்குப் புலப்படாத அளவினதாயினும், அலுமினியத் தூள் கலந்த மருந்தைப் பற்றவைக்க அது போதும். ஆதலின் கலவை அறையுட் புகுமுன் தரையோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட்டு மின்னை இறக்குதல் வேண்டும். பருத்தி ஆடையே உடுத்தல் வேண்டும். இரும்புக் கருவிகளை விலக்கி, உரசினாற் பொறி எழாத மரம், பித்தளை முதலியவற்றாலான கருவிகளையே கையாளுதல் வேண்டும். தரையில் இரப்பர் விரிப்பு இருத்தல் வேண்டும். அறைகள் ஒன்றற்கொன்று எட்ட நின்று, வெளிப்புறம் திறக்கும் கதவுகள் உடையனவாக அமைதல் வேண்டும். ஓர் அறை வெடிப்பினும் அடுத்த அறை பிழைத்தற்கே இவ்விடைவெளி. முதல்நாள் எஞ்சிய கலவை ஈரம் உண்டு தானே சூடேறுமாதலின் அதனை வைத்திருத்தலும் தீது.

இவை எல்லாம் எழுதிய விதிகள். எழுதிய விதி கைக்கொள்ளப்படாத இடத்தில் நேர்வது யாது? 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் மற்றோர் ஆலை வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அச்சிற்றூரின் பெயரை நாடு முழுதும் அறிந்தது அன்றுதான். மாண்டவர் அண்டை ஊர்களிலிருந்து நாட்கூலிக்கு வந்தோர். இத்தகைய விபத்துகளின் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட குற்றங்கள் சில: உரிமம் பெற்றவர் அறைகளைத் தனித்தனியே பிறர்க்கு உள்குத்தகைக்கு விடுதல், அளவுக்கு மிஞ்சிய ஆட்களை அமர்த்துதல், அளவுக்கு மிஞ்சிய மருந்தைக் குவித்தல், நெருக்கடி கருதி மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வேலை செய்வித்தல். உள்குத்தகைக்காரர்க்கு நாளைய ஆலையில் உரிமை இல்லை. இன்றைய உருப்படியின் கணக்கே அவர்க்குண்டு. விதி அங்கே எங்ஙனம் நிற்கும்?

இவ்விடத்தே ஆட்சிமுறை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிதல் நன்று. மாவட்டத்தில் பத்து வட்டங்களும் பதினோர் ஊராட்சி ஒன்றியங்களும் 450 ஊராட்சிகளும் உள. சட்டப் பேரவைக்கு எழுவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சிவகாசி 2021இல் மாநகராட்சியாயிற்று. குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை ஆகியவற்றை ஊராட்சி பேணும். ஆனால் அவ்வூராட்சியின் எல்லைக்குள் நிற்கும் பட்டாசு ஆலையின்மேல் அதற்கு ஆணை மிகச் சிறிது. வெடிபொருட்சட்டம் 1884இல் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ள விதிகள் 2008இல் ஆக்கப்பட்டவை. அவற்றின்படி மிகச் சிறிய ஆலைக்கு மாவட்ட ஆட்சியரும், பெரியவற்றுக்கு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட நடுவண் அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் உரிமம் வழங்குகின்றன. தொழிலாளர் நலனை மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை நோக்கும். மூன்று தலைமைகள் ஓர் அறையைக் காக்கின்றன. மூன்றில் ஒன்றும் நாள்தோறும் அவ்வறையின் வாயிலில் நிற்பதன்று.

இவர்க்கு மேல் நீதிமன்றமும் உண்டு. தில்லி நகரின் காற்று நஞ்சாயிற்று என்ற வழக்கில் 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக் கலந்த பட்டாசையும் சரவெடியையும் விலக்கியது. பச்சை ஒளி தருவது பேரியம் ஆதலின் அதனை நம்பிய பல வகைகள் நின்றன. சரவெடி பின்னிப் பிழைத்த கைகள் வேறு வேலை தேடின. நகரத்தார் மூச்சுவிடுதற்கு உரிமை உடையர் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் தில்லிக் குழந்தையின் மூச்சும் அச்சங்குளத்துத் தாயின் உலையும் ஒரே தீர்ப்பில் தொங்குதலை அத்தீர்ப்பைப் படிப்போர் மறத்தல் ஆகாது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கினர். அதுவே இன்று சிவகாசியின் வழி.

நீதிமன்றத்தால் விளைந்த நன்மையும் ஒன்று உளது. ஒரு காலத்தில் வைகறைக்கு முன்னரே ஊர்தோறும் பேருந்துகள் வந்து, உறக்கம் தெளியாத சிறுவரையும் சிறுமியரையும் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சிவகாசிச் சிறுவர் குறித்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், இடர்மிக்க தொழிலிலிருந்து சிறாரை விடுவித்துப் பள்ளியிற் சேர்க்கவும், அவர்களை அமர்த்திய முதலாளிகள் ஒவ்வொரு சிறார்க்கும் 20,000 ரூபாய் செலுத்தவும் ஆணையிட்டது. மதிய உணவு தந்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த காமராசர் பிறந்த மண்ணில் இவ்வாணை தேவைப்பட்டமை வருந்தத்தக்கதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாவட்டத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுவரில் எண்பதின்மர் எழுத்தறிந்தோர். பெண்களிடையே இத்தொகை குறைவு. அன்று அப்பேருந்தில் ஏறிய சிறுமியரே இன்று ஆலையில் அமர்ந்து மருந்து செலுத்தும் நடுவயதுப் பெண்டிருட் பலர்.

அவர்கள் வேலை செய்யும் ஒவ்வோர் அறையின் வாயிலிலும் அறையின் எண், அங்குச் செய்யத்தக்க வேலை, வைக்கத்தக்க மருந்தின் எடை, இருக்கத்தக்க ஆட்களின் தொகை ஆகியவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆட்களின் தொகை பெரும்பாலும் நான்கு. பலகையில் நான்கு என்று எழுதியிருக்கும் அறையுள் ஐந்தாமவரை அனுப்ப ஆலையின் உரிமையாளர்க்கும் அதிகாரம் இல்லை.