போடிமெட்டுல ஓட்டுனா போதுமா? கோ-கார்ட் பந்தயத்துக்குள் நுழையுற வழி

இந்த எபிசோட் என் சித்தி மகனுக்காக. சின்னமனூர்ல இருக்கான், பத்தொன்பது வயசு. ஜனவரி மாசம் கம்பம் ரோட்டுல பசங்களோட சேர்ந்து யார் முந்துறதுன்னு பைக்கை முறுக்கி, ஒரு திருப்பத்துல எதிர்ப்பக்கம் போய் விழுந்தான். முழங்கையில பதினோரு தையல். எதிரே வந்த டிராக்டர்காரர் சரியான நேரத்துல பிரேக் மிதிச்சார். அதனாலதான் இன்னைக்கு அவனைக் கிண்டல் பண்ணிப் பேச முடியுது. சித்தி பைக் சாவியை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. அடுத்த வாரம் எனக்கு போன்.

"அண்ணே, ரேஸ் ஓட்டணும்னா எங்கிட்டு ஆரம்பிக்கிறது? அட்வைஸ் வேணாம், வழி சொல்லுங்க."

நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தோட அணி 992 பிரிவில் மூன்றாவதா வந்ததில் இருந்து, இதே கேள்வி எனக்கு மெசேஜாவும் வந்துக்கிட்டே இருக்கு. எல்லாருக்கும் பதில் ஒண்ணுதான்: கோ-கார்ட். சென்னா, ஷூமேக்கர், ஹாமில்டன் எல்லாரும் சின்ன வயசுல உட்கார்ந்த வண்டி அதுதான்.

ஆனா தேனியில் டிராக் கிடையாது. கம்பத்துலயும் கிடையாது, போடியிலயும் கிடையாது. நமக்குப் பக்கத்துல கோயம்புத்தூர். அங்கே செட்டிபாளையத்தில் 2003-ல் இருந்து இயங்குற கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. விமான விபத்தில் இறந்துபோன ரேஸர் கரிவரதன் நினைவாக வைத்த பெயர். அடுத்தது சென்னை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், 1953-ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட பெரிய டிராக் இருக்கு. சமீபத்துல அங்கேயே கார்ட்டுக்குன்னு தனியா மெட்ராஸ் இன்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனாவும் வந்திருக்கு. இது ரெண்டும் பந்தயம் நடக்குற இடங்கள். காசு கொடுத்து பத்து நிமிஷம் ஓட்டுற வாடகை டிராக்குகள் வேற. கோவை, சென்னை, பெங்களூர்ல அப்படிப் பல இருக்கு. நாம ஆரம்பிக்க வேண்டியது அங்கேதான்.

பந்தயம்னா நம்ம ஊருக்குப் புதுசா என்ன? மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவங்க நாம. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடுன்னு மாட்டோட வளர்த்தியைப் பார்த்துப் பிரிச்சு ஓட்டுவாங்க இல்லையா? கார்ட்டிங்கும் அப்படித்தான். நம்ம நாட்டு தேசியப் போட்டிகளில் ஓடுற ரோட்டாக்ஸ் மேக்ஸ் வகையில் சின்னப் பிள்ளைகளுக்கு மைக்ரோ, அடுத்து ஜூனியர், அதுக்கு மேல சீனியர். எல்லாமே 125 சிசி, டூ ஸ்ட்ரோக். ஆனா சீனியர் என்ஜின் சுமார் 30 குதிரைத்திறன் தரும், மைக்ரோவில் அதுல மூணுல ஒரு பங்குதான். யாரும் உள்ளே கைவச்சு மாத்தக் கூடாதுன்னு என்ஜினுக்கே சீல் போட்டிருப்பாங்க. ஓட்டுறவரோட எடையும் சேர்த்துத்தான் வண்டிக்குக் குறைந்தபட்ச எடை. ஒல்லியா இருக்கவங்க சீட்ல ஈயக்கட்டியை போல்ட் போட்டு முடுக்கிக்கணும். தம்பி 52 கிலோ. இதைக் கேட்டதும் "அப்ப பரோட்டா திங்கலாம்ணே"ன்னான்.

சரி, கார்ட்னா என்ன? 1956-ல் கலிஃபோர்னியாவில், ரேஸ் கார் செய்யுற கம்பெனியில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், ஒரு இரும்புக் குழாய்ச் சட்டத்துல புல்வெட்டுற மெஷினோட என்ஜினை மாட்டி ஓட்டினார். இன்னைக்கும் அடிப்படை அதேதான். கியர் இல்லை, ஷாக் அப்சார்பர் இல்லை. உட்கார்ந்தா தரை ஒரு சாண் கீழேதான் இருக்கும். அதனால 50 கிலோமீட்டர் வேகமே 100 மாதிரி தெரியும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பின் அச்சு. மாட்டுவண்டியில் அச்சு அசையாது, சக்கரம் ரெண்டும் தனித்தனியா சுத்தும். திருப்பத்துல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கம் குறைவா ஓடணும். அது தானா நடந்துரும். காருக்கு இந்த வேலையைச் செய்யத்தான் டிஃபரன்ஷியல். கார்ட்டில் ரெண்டுமே கிடையாது. பின் சக்கரம் ரெண்டையும் ஒரே அச்சுல இறுக்கி வச்சிருப்பாங்க, ஒரே வேகத்துலதான் சுத்த முடியும். அப்ப எப்படித் திரும்பும்? உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு லேசா எழும்பணும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்க முன் சக்கரம் கீழே அமுங்குற மாதிரி முன்பக்கத்தைச் சாய்வா செஞ்சிருக்காங்க. சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு, அந்தப் பின் சக்கரத்தைத் தூக்கி விடும். அதாவது வண்டியோட சட்டம்தான் அதோட ஸ்பிரிங். அளவுக்கு மீறின வேகத்துல உள்ளே போனீங்கன்னா முன் சக்கரம் பிடியை விட்டு வழுக்கும், பின் சக்கரம் எழும்பாது, நீங்க ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி நேரா டயர் சுவரைப் பார்த்துப் போகும். 'மெதுவா உள்ளே போ, வேகமா வெளியே வா'ன்னு எல்லா டிராக்லயும் சொல்றது இதுக்காகத்தான்.

பெடல் ரெண்டே ரெண்டு. வலது கால் ஆக்ஸிலேட்டர், இடது கால் பிரேக். ரெண்டையும் சேர்த்து மிதிக்கக் கூடாது, கிளட்ச் கருகிடும். வாடகை கார்ட்டில் பிரேக் பின் அச்சுக்கு மட்டும்தான். அதனால திரும்பிக்கிட்டே பிரேக்கை அழுத்தினா வண்டி பம்பரமாச் சுத்தும். நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சிட்டு, அப்புறம் திருப்பணும்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அதிகாலை நாலு மணிக்கு தேனியில் கிளம்பி, பத்து மணிக்கு கோவைப் பக்கம் ஒரு வாடகை டிராக். வழியெல்லாம் ஒரே பேச்சு. போடிமெட்டோட 17 கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கிட்டு ஏறுவானாம். முதல் ரவுண்டுலயே மூணு தடவை சுத்தினான்.

காரணம் அவன் திறமை இல்லை, பழக்கம். மலை ரோட்டுல நாம இடது ஓரத்தை விடமாட்டோம், விடவும் கூடாது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு எந்த வளைவுல ஜீப் வரும்னு தெரியாது. டிராக்கில் எதிரே யாரும் வரமாட்டாங்க. அதனால ரோட்டோட மொத்த அகலமும் உங்களுக்குத்தான். வெளி ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, வளைவோட உள் முனையை உரசிட்டு, திரும்ப வெளி ஓரத்துக்குப் போகணும். அப்பத்தான் வளைவு அகலமாகும், வேகம் குறையாது. இதையே ரோட்டுல செஞ்சா அதுக்குப் பேர் எதிர் லேனுக்குள்ள போறது. ஜனவரியில் டிராக்டருக்கு முன்னாடி தம்பி செஞ்சது அதேதான். டிராக்குல அது பாடம். கம்பம் ரோட்டுல அது கொலை, இல்லைன்னா தற்கொலை. டிராக்கோட வரைபடத்துல கோடு போட்டு இதைக் காட்டினப்ப, அவன் ரொம்ப நேரம் பேசாம முழங்கையைத் தடவிக்கிட்டே இருந்தான்.

ஓட்டி முடிச்சதும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் எவ்வளவு நேரம்னு ஒரு சீட்டு கொடுப்பாங்க. எல்லாரும் அதுல பெஸ்ட் லேப்பை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாங்க. நான் சாஃப்ட்வேர்காரன், லாக் ஃபைல் பார்த்தே வயசானவன். நான் பார்க்குறது ஏற்ற இறக்கத்தை. தம்பியோட பெஸ்ட் 48.2 வினாடி, என்னோடது 49.6. ஐயா ஜெயிச்சிட்டார்! ஆனா மற்ற ரவுண்டுகள் அவனுக்கு 51, 54, 50, 56-ன்னு தாவுது. எனக்கு எல்லாமே 50-ஐ ஒட்டி. பத்து ரவுண்டு முடிஞ்சப்ப அவன் எனக்குப் பின்னாடி 20 வினாடி. அடுத்த செஷன்ல அவனுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: வேகத்தை மற, பத்து ரவுண்டையும் ஒரு வினாடி வித்தியாசத்துக்குள்ள ஓட்டு. நாலாவது செஷன்லதான் வந்துச்சு. அப்ப அவனோட சராசரி என்னோடதை விடக் குறைவு. அதுக்கப்புறம் நான் ஓட்டலை, தோள் வலின்னு சொல்லிட்டேன்.

ஒரு எச்சரிக்கை: சீட்டை ஒப்பிடும்போது கார்ட் நம்பரைப் பாருங்க. வாடகை வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி ஓடாது. நல்ல கிளப் லீக்னா குலுக்கல்லதான் வண்டி கொடுப்பாங்க.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். நம்ம நாட்டுல கார்ட்டோட அச்சுல தலைமுடி சிக்கி உயிர் போயிருக்கு. பின்னாடி சுத்துற அச்சும் செயினும் உங்க முதுகுக்குப் பக்கத்துலதான் இருக்கு. முடியைக் கட்டி, சட்டைக்குள்ள விட்டு, மேல துணித் தொப்பி, அதுக்கு மேல முகம் மூடின ஹெல்மெட். துப்பட்டா, தொங்குற கயிறு வச்ச ஹூடி எல்லாம் லாக்கருக்குள்ள. ஒரு மால்ல இருந்த டிராக்குல, ஆபீஸ் தோழி ஒருத்தியை முடியைக்கூடப் பார்க்காம வண்டியில ஏத்தினாங்க. ஹெல்மெட்டோட வார் பூட்டவே இல்லை. நாங்க சண்டை போட்டு காசைத் திரும்ப வாங்கிட்டு வந்தோம். நீங்களும் அப்படியே செய்ங்க. சீட் லூசா இருந்தா ஸ்பான்ச் கேளுங்க, இல்லைன்னா மறுநாள் விலா எலும்பு பேசும். வண்டி சுத்தி நின்னுட்டா இறங்காதீங்க, கையைத் தூக்கி உட்கார்ந்திருங்க. மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, முந்தாதீங்க. நீலம்னா பின்னாடி வேகமானவர் வர்றார், வழி விடுங்க. சிவப்புன்னா ஓட்டம் நிறுத்தியாச்சு.

இப்ப காசு. வாடகை கார்ட்டில் ஒரு செஷன் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள்ள முடியும். பத்துப் பதினைஞ்சு தடவை ஓட்டினதுக்கு அப்புறம், அதே டிராக்குல நடக்குற லீக்குல சேருங்க. வண்டி அவங்களோடது, நுழைவுக் கட்டணம் மட்டும் நம்மளோடது. அதுவும் பத்தலைன்னாத்தான் தேசியப் போட்டி. அதுக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தர்ற போட்டி லைசன்ஸ் வேணும். டிரைவிங் லைசன்ஸ் அங்கே செல்லாது. அந்தக் கட்டத்துல டயர், என்ஜின், மெக்கானிக், பயணம்னு செலவு லட்சக்கணக்குல போகும். பொய் சொல்லி உங்களை உள்ளே இழுக்க எனக்கு இஷ்டமில்லை. லீக்கோட நின்னுக்கிறவங்கதான் அதிகம், நானும் அதுல ஒருத்தன். அதுல குறை ஒண்ணும் தெரியலை.

முதல்லயே வண்டி வாங்காதீங்க. செய்யவும் செய்யாதீங்க. இன்ஜினியரிங் படிக்கும்போது எங்க டீம் ஒரு போட்டிக்காக நாலு மாசம் வெல்டிங் அடிச்சு ஒரு கார்ட் செஞ்சுது. பிரேக் டெஸ்ட்லயே வெளியே அனுப்பிட்டாங்க. வெல்டிங் நல்லா வந்துச்சு. ஓட்டத்தான் எங்கள்ல யாருக்கும் தெரியலை.

தம்பி இதுவரை மூணு தடவை போய்ட்டு வந்துட்டான். செலவுக்கு லீவு நாள்ல திராட்சைத் தோட்டத்துல லோடு ஏத்துறான். சாவி இன்னும் பீரோவுலதான், சித்தி அசையலை. பஸ்சுலதான் வர்றான். அடுத்த மாசம் முதல் ஞாயிறு அவனோட முதல் லீக். காலையில நாலு மணிக்கு தேனி பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து என் கார் கிளம்புது, ரெண்டு இடம் காலி. கம்பம், போடிப் பக்கம் யாராவது வர்றதா இருந்தா மெசேஜ் போடுங்க. பெட்ரோல் செலவு பங்கு, ஒட்டன்சத்திரத்துல டீ என் கணக்கு.